புள்ளி விசை: ஒருமுறை திருத்தியதை மறுமுறை தட்டச்சு செய்யாதிருக்க

விம் எடிட்டரில் எஸ்கேப் அழுத்தி நார்மல் மோடுக்கு வாருங்கள். விசைப்பலகையின் கீழ்வரிசையில் இருக்கும் முற்றுப்புள்ளியைத் தட்டுங்கள். நீங்கள் கடைசியாகச் செய்த திருத்தம், இப்போது கர்சர் நிற்கும் இடத்தில் அப்படியே மறுபடி நடக்கும். விம்மில் நூற்றுக்கணக்கான கட்டளைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றை மட்டும்தான் கற்றுக்கொள்வேன் என்று ஒருவர் அடம்பிடித்தால், இந்தப் புள்ளியைத்தான் கற்றுக்கொடுப்பேன்.

இந்த அத்தியாயத்தில் விசைகளை அவற்றின் ஆங்கில எழுத்தை உச்சரிக்கும் விதத்திலேயே குறிப்பிடுகிறேன். ‘டி டி’ என்றால் அந்த ஆங்கில எழுத்தை இருமுறை தட்ட வேண்டும். ‘கேப்பிடல் ஏ’ என்றால் ஷிஃப்ட்டோடு சேர்த்து. கோலனில் தொடங்கும் கட்டளைகளையும் ஆங்கில எழுத்திலேயே தட்டுங்கள்.

புள்ளி விசை விம்மைவிட மூத்தது. பில் ஜாய் 1976-இல் பெர்க்லியில் இருக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் விஐ எடிட்டரை எழுதத் தொடங்கியபோது, அவர் வீட்டிலிருந்து பல்கலைக்கழகக் கணினியோடு இணைந்தது 300 பாட் மோடம் வழியாக. ஒரு நொடிக்கு ஏறத்தாழ முப்பது எழுத்துகள் போகும் அந்தக் கம்பியில், தட்டும் ஒவ்வொரு விசைக்கும் விலை இருந்தது. ஒற்றை எழுத்துக் கட்டளைகள், அவற்றையும் சுருக்கும் புள்ளி, எல்லாம் அந்தச் சிக்கனத்தில் பிறந்தவை. பிராம் மூலனார் அமீகா கணினிக்காக எழுதி 1991-இல் வெளியிட்ட விம், அந்த வழக்கத்தை மாற்றாமல் எடுத்துக்கொண்டது. இன்று இணைப்பு வேகமாகிவிட்டது. ஆனால் கையும் கவனமும் அன்று இருந்த அளவுதான் இருக்கின்றன. அதனால் அந்தச் சிக்கனம் இன்னும் நமக்குத் தேவைப்படுகிறது.

எது ஒரு திருத்தம்?

புள்ளியைப் பலர் ஒருநாள் தட்டிப் பார்த்து, எதிர்பார்த்தது நடக்காமல் விட்டுவிடுகிறார்கள். காரணம் ஒன்றுதான். புள்ளி ‘கடைசியாகத் தட்டிய விசை’யைத் திரும்பச் செய்வதில்லை, ‘கடைசித் திருத்த’த்தைத் திரும்பச் செய்கிறது. இந்த வேறுபாடு மனதில் பதிந்துவிட்டால் மீதியெல்லாம் தானாக வரும்.

நார்மல் மோடில் ‘எக்ஸ்’ ஓர் எழுத்தை அழிக்கிறது. அது ஒரு திருத்தம். ‘டி டி’ ஒரு வரியை நீக்குகிறது. அதுவும் ஒரு திருத்தம். இன்சர்ட் மோடுக்குள் நுழைவதிலிருந்து எஸ்கேப் அழுத்தி வெளியே வருவது வரை தட்டிய அத்தனையும், ஒரு சொல்லானாலும் ஒரு பத்தியானாலும், சேர்ந்து ஒரே திருத்தம். எந்தக் கட்டளையால் உள்ளே நுழைந்தீர்கள் என்பதும் அதில் அடக்கம். கேப்பிடல் ஏ வரியின் கடைசிக்குப் போய் இன்சர்ட் மோடைத் திறக்கும். ஆகவே கேப்பிடல் ஏ, ஒரு கமா, எஸ்கேப் என்று தட்டினால், புள்ளி அதை ‘வரிக்கடைசியில் கமா சேர்’ என்று நினைவில் வைத்துக்கொள்கிறது. அடுத்த வரியில் கர்சர் எங்கே நின்றாலும் பரவாயில்லை. ‘ஜே’ தட்டிக் கீழே வாருங்கள், புள்ளி வையுங்கள். ஜே, புள்ளி. ஜே, புள்ளி.

கர்சரை நகர்த்துவது திருத்தம் ஆகாது. எவ்வளவு தூரம் நகர்ந்தாலும் புள்ளியின் நினைவு கலையாது. இந்த விசையின் பயனே அதில்தான் இருக்கிறது. ‘யு’ தட்டிச் செய்யும் அன்டூவும் புள்ளியில் சேராது. கோலன் போட்டு எழுதும் கட்டளைகளும் சேரா. அவற்றுக்கு வேறு விசைகள் உண்டு, பின்னால் வருகின்றன.

இன்சர்ட் மோடுக்குள் இருக்கும்போது அம்பு விசைகளைத் தொடாதீர்கள். ஒரு சொல்லைத் தட்டிவிட்டு, இடது அம்பை அழுத்தி நகர்ந்து, இன்னும் சில எழுத்துகள் சேர்த்தால், விம் முதல் திருத்தத்தை அங்கேயே முடித்துப் புதிய ஒன்றைத் தொடங்கிவிடும். புள்ளி வைத்தால் அம்புக்குப் பிறகு தட்டியது மட்டும்தான் வரும். பேக்ஸ்பேஸ் அழுத்தலாம், அதனால் தொல்லை இல்லை. நகர வேண்டுமென்றால் எஸ்கேப் அழுத்தி வெளியே வந்து நகருங்கள்.

முதல் திருத்தத்தில் கவனம்

புள்ளியைப் பயன்படுத்தும் திறமை புள்ளியைத் தட்டுவதில் இல்லை. அதற்கு முன் முதல் திருத்தத்தை எப்படிச் செய்கிறோம் என்பதில் இருக்கிறது. ஒரே விளைவைத் தரும் வழிகள் விம்மில் பல உண்டு. அவற்றில் சில வேறோர் இடத்திலும் பொருந்தும், சில பொருந்தா.

நிரல் ஒன்றில் இரட்டை மேற்கோளுக்குள் இருக்கும் ஊர்ப்பெயரை மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இப்போது ‘மதுரை’ இருக்கிறது, ‘திருநெல்வேலி’ வேண்டும். ‘வி’ தட்டி, எழுத்து எழுத்தாகத் தேர்வு செய்து, ‘சி’ தட்டி மாற்றலாம். அந்த இடத்தில் வேலை முடிந்துவிடும். ஆனால் புள்ளியின் நினைவில் பதிவது ‘இத்தனை எழுத்துகளை நீக்கி இதை எழுது’ என்பது. அடுத்த இடத்தில் ‘காஞ்சிபுரம்’ இருந்தால் பாதிப் பெயர் போய் மீதி அப்படியே நிற்கும். விசுவல் மோடில் தேர்வு செய்து செய்யும் எந்தத் திருத்தத்துக்கும் இதே கதிதான்; புள்ளி அதே அளவுக்கான உரையின் மேல்தான் இயங்கும்.

அதற்குப் பதிலாக ‘சி ஐ’, பிறகு இரட்டை மேற்கோள் குறி. ‘மேற்கோளுக்குள் இருப்பதை மாற்று’ என்பது இதன் பொருள். புதிய பெயரைத் தட்டி எஸ்கேப். இப்போது புள்ளியின் நினைவில் நீளம் இல்லை, பொருள் இருக்கிறது. அடுத்த வரியில் மேற்கோளுக்குள் மூன்று எழுத்து இருந்தாலும் முப்பது இருந்தாலும் ஒரு புள்ளி போதும். கர்சர் மேற்கோளுக்குள் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. அதே வரியில் மேற்கோளுக்கு முன்னால் நின்றாலும் விம் தேடிப் பிடித்துக்கொள்ளும். ஒரு சொல்லை மாற்ற ‘சி ஐ டபிள்யூ’, அடைப்புக்குறிக்குள் இருப்பதை மாற்ற ‘சி ஐ’யும் அடைப்புக்குறியும். ‘எத்தனை எழுத்து’ என்று எண்ணும் பழக்கத்தை விட்டு, ‘இது என்ன, சொல்லா, வாக்கியமா, மேற்கோளா’ என்று பார்க்கப் பழகுங்கள்.

எண்ணிக்கையைப் பற்றியும் ஒரு கருத்து சொல்லிவிடுகிறேன். ஐந்து சொற்களை நீக்க ‘5 டி டபிள்யூ’ என்று ஒரே அடியில் செய்யலாம். நான் ‘டி டபிள்யூ’ தட்டிவிட்டு நான்கு புள்ளிகள் வைப்பதையே பரிந்துரைக்கிறேன். திரையைப் பார்த்துச் சொற்களை எண்ணுவதற்குள் புள்ளிகள் முடிந்துவிடும். ஒன்று கூடிப்போனால் ஒரு ‘யு’ தட்டினால் அந்த ஒரு சொல் மட்டும் திரும்பி வரும், ஐந்தும் வராது. புள்ளிக்கு முன்னாலும் எண் கொடுக்கலாம். ‘டி டபிள்யூ’வுக்குப் பின் ‘3 .’ என்றால் மூன்று சொற்கள் போகும். அதற்குப் பின் வெறும் புள்ளி வைத்தாலும் மூன்றாகவே போகும், பழைய எண்ணின் இடத்தைப் புதிய எண் பிடித்துக்கொள்வதால்.

நகர்வையும் திரும்பச் செய்ய

புள்ளி திருத்தத்தை மட்டும்தான் பார்த்துக்கொள்கிறது. அடுத்த இடத்துக்குப் போவதும் ஒரே விசையில் நடந்தால், வேலை முழுவதும் இரண்டு விசைகளின் தாளமாகிவிடும்.

ஒரே வரிக்குள் என்றால் ‘எஃப்’. ‘மதுரை,தேனி,திண்டுக்கல்,கரூர்’ என்று கமாவுக்குப் பின் இடைவெளி இல்லாமல் ஒரு வரி இருக்கிறது. வரியின் தொடக்கத்தில் நின்று ‘எஃப்’ தட்டிக் கமாவைத் தட்டுங்கள். கர்சர் முதல் கமாவில் போய் நிற்கும். சின்ன ‘ஏ’, ஸ்பேஸ், எஸ்கேப். இனி அரைப்புள்ளி விசை அடுத்த கமாவுக்குக் கொண்டுபோகும், முற்றுப்புள்ளி இடைவெளி சேர்க்கும். அரைப்புள்ளி, முற்றுப்புள்ளி, அரைப்புள்ளி, முற்றுப்புள்ளி. வேகத்தில் ஓர் இடம் தாண்டிப் போய்விட்டால் கமா விசை வந்த திசையிலேயே திருப்பிக் கொண்டுவரும்.

ஃபைல் முழுக்க என்றால் தேடல். சாய்கோட்டை அழுத்தித் தேடும் சொல்லைக் கொடுத்தபின், ‘என்’ விசை அடுத்த இடத்துக்கும் கேப்பிடல் ‘என்’ முந்தைய இடத்துக்கும் போகும். இதோடு 2013-இல் வந்த 7.4 பதிப்பு சேர்த்த ‘ஜி என்’ இணைந்தபோது புள்ளியின் பலம் பலமடங்கானது. ‘ஜி என்’ என்பது ‘தேடலுக்கு அகப்படும் அடுத்த பகுதி’. ‘சி ஜி என்’ என்றால் அந்தப் பகுதிக்குப் போய் அதை மாற்று. போவதும் மாற்றுவதும் சேர்ந்து ஒரே திருத்தம் ஆகிவிடுவதால், அதற்குப் பின் புள்ளி ஒன்றே போதும்; அதுவே அடுத்த இடத்தைத் தேடிப்போய் மாற்றிவிடும்.

தமிழில் எழுதுகிறவர்கள் இதை அவசியம் கற்க வேண்டும் என்பேன். ஒரு கட்டுரையில் ‘புத்தகம்’ என்று எழுதியதையெல்லாம் ‘நூல்’ என்று மாற்ற ஆசிரியர் சொல்கிறார். ஆங்கிலத்தில் பெரும்பாலும் ஒரே கட்டளையில் ஃபைல் முழுவதையும் மாற்றிவிடலாம். தமிழில் முடியாது. வேற்றுமை ஏறிய ஒவ்வொரு வடிவமும் தனி: புத்தகத்தை நூலை ஆக வேண்டும், புத்தகத்தில் நூலில் ஆக வேண்டும், புத்தகங்கள் நூல்கள் ஆக வேண்டும். அதற்கும் மேலே சந்தி இருக்கிறது. ‘அந்தப் புத்தகத்தில்’ என்பதில் புத்தகத்தில் மட்டும் மாறினால் ‘அந்தப் நூலில்’ என்று ஒற்று அநாதையாக நிற்கும். கண்ணை மூடிக்கொண்டு மொத்தமாக மாற்றிய கட்டுரைகளில் இந்த ஒற்றுப் பிழைகள்தான் அச்சுவரை போகின்றன.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். முதலில் ஒற்றோடும் இடைவெளியோடும் சேர்த்து ‘ப் புத்தகத்தில்’ என்று தேடுங்கள். ‘சி ஜி என்’ தட்டி, முன்னால் ஓர் இடைவெளி விட்டு ‘நூலில்’ என்று எழுதி எஸ்கேப். இப்போது ‘என்’ தட்டி அடுத்த இடத்தைப் பாருங்கள். சுற்றியிருக்கும் வாக்கியத்தைப் படியுங்கள். மாற்றலாம் என்றால் புள்ளி. வேண்டாம் என்றால் மறுபடி ‘என்’. அந்த, இந்த, எந்த என்று முன்னால் எது வந்தாலும் ஒற்று ஒழுங்காகப் போய்விடும். அது முடிந்ததும் இடைவெளியில்லாத ‘ப்புத்தகத்தில்’ ஒரு சுற்று. பாடப்புத்தகத்தில் பாடநூலில் ஆகும். கடைசியாக வெறும் ‘புத்தகத்தில்’. பிறகு அடுத்த வேற்றுமை வடிவம்.

இடையில் வேறொரு பிழை கண்ணில் பட்டால் அப்போதே கை வைக்காதீர்கள். நீங்கள் செய்யும் அந்தச் சின்னத் திருத்தம் புள்ளியின் நினைவைப் பிடித்துக்கொள்ளும். அடுத்த புள்ளியில் ‘நூலில்’ வராது. ‘எம் ஏ’ தட்டி அந்த இடத்தில் ஒரு குறி வைத்துவிட்டு மேலே போங்கள். சுற்று முடிந்ததும் ஒற்றை மேற்கோள் குறியையும் ‘ஏ’யையும் தட்டினால் அந்த வரிக்குத் திரும்பலாம்.

இந்த முறையில் தமிழ் எழுதுகிறவருக்கு இன்னொரு லாபமும் உண்டு. நார்மல் மோடில் விம் எதிர்பார்ப்பது ஆங்கில எழுத்துகளை. தமிழ் விசைப்பலகை இயக்கத்தில் இருக்கும்போது ‘ஜே’ தட்டினால் கர்சர் நகராது. அதனால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் தமிழுக்குப் போய், எழுதி, ஆங்கிலத்துக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. தமிழில் விம் பயன்படுத்துவோர் சலித்துப்போவது இதில்தான். புள்ளி நீங்கள் எழுதிய தமிழ்ச் சொல்லையே நினைவில் வைத்திருக்கிறது. முதல் இடத்தில் மட்டும் விசைப்பலகையை மாற்றினால் போதும். மீதி இடங்கள் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் இருந்தபடியே ‘என்’ விசையாலும் புள்ளியாலும் முடித்துவிடலாம். விம்முக்குள்ளேயே கீமேப் என்னும் அமைப்பு உண்டு. தமிழுக்கான கீமேப் ஒன்றை அமைத்துக்கொண்டால் இன்சர்ட் மோடில் தமிழும் நார்மல் மோடில் ஆங்கிலமும் தானாகவே வரும். நாள்தோறும் தமிழில் எழுதுகிறவர் அதை ஒருமுறை உட்கார்ந்து அமைத்துவிடுவது நல்லது.

புள்ளி போதாதபோது

ஊர்ப்பெயர்கள் வரிக்கு ஒன்றாக இருக்கின்றன. ஒவ்வொன்றின் முன்னும் பின்னும் மேற்கோள் குறி வேண்டும், கடைசியில் கமாவும் வேண்டும். வரியின் தொடக்கத்தில் ஒன்று, கடைசியில் ஒன்று என இவை இரண்டு திருத்தங்கள். புள்ளிக்கு இரண்டாவது மட்டும்தான் தெரியும். தட்டும் விசைகளைப் பதிவுசெய்து மறுபடி ஓட்டும் மேக்ரோ தேவைப்படும் இடம் இது.

‘கியூ ஏ’ தட்டினால் ஏ என்னும் ரெஜிஸ்டரில், அதாவது விம்மின் சேமிப்பிடம் ஒன்றில், பதிவு தொடங்கும். கேப்பிடல் ஐ, மேற்கோள் குறி, எஸ்கேப், கேப்பிடல் ஏ, மேற்கோள் குறி, கமா, எஸ்கேப், ஜே. மறுபடி ‘கியூ’ தட்டினால் பதிவு முடியும். இப்போது ‘@ ஏ’ தட்டினால் அடுத்த வரிக்கு எல்லாம் நடக்கும். அதன்பின் ‘@ @’ போதும். கடைசியாக ஓட்டிய மேக்ரோவை அது மறுபடி ஓட்டும். முன்னால் எண்ணும் கொடுக்கலாம்.

நல்ல மேக்ரோவுக்கு இலக்கணம் சிறியது. கர்சர் எங்கே இருந்தாலும் சரியான இடத்திலிருந்து தொடங்க வேண்டும். மேலே கேப்பிடல் ஐ அதைச் செய்கிறது. முடியும்போது அடுத்த சுற்று தொடங்கும் இடத்தில் நிற்க வேண்டும். ஜே அதைச் செய்கிறது. உள்ளே ஏதாவது ஒரு நகர்வு தோற்றால் மேக்ரோ அங்கேயே நின்றுவிடும். ஆகவே ‘100 @ ஏ’ என்று தாராளமாகக் கொடுத்தாலும், ஃபைலின் கடைசி வரியில் ஜே நகர முடியாமல் தானாக நிற்கும். ஆனால் மேக்ரோவுக்குள் தேடலை வைத்தால் எச்சரிக்கை தேவை. ஃபைல் முடிந்ததும் தேடல் மேலிருந்து மறுபடி தொடங்கிவிடும், செய்த இடத்திலேயே மீண்டும் செய்துவிடும். ‘:செட் நோராப்ஸ்கேன்’ கொடுத்து அதை நிறுத்திவிட்டு ஓட்டுங்கள். ஒரு படியைக் கடைசியில் விட்டுவிட்டால் முழுவதையும் மறுபடி பதிய வேண்டாம். ‘கியூ’, கேப்பிடல் ஏ என்று தொடங்கினால் பழைய பதிவின் கடைசியில் புதியது ஒட்டிக்கொள்ளும்.

பட்டியலுக்குக் கீழே வேறு உரை இருந்தால் எண்ணிக்கையை நம்ப வேண்டாம். கேப்பிடல் வி தட்டி வேண்டிய வரிகளைத் தேர்வு செய்து, கோலன் தட்டி, ‘நார்மல் @ஏ’ என்று கொடுங்கள். தேர்வு செய்த ஒவ்வொரு வரியிலும் மேக்ரோ தனித்தனியாக ஓடும். ஒரு வரியில் தோற்றாலும் மற்ற வரிகளில் நிற்காது. பிடிக்கவில்லை என்றால் ஒரே ‘யு’ அத்தனையையும் திரும்பக் கொண்டுவரும்.

இதே கட்டளைக்குப் புள்ளியையும் கொடுக்கலாம் என்பது பலர் கவனிக்காதது. முதல் வரியில் கமா சேர்த்துவிட்டு, மீதி வரிகளைத் தேர்வு செய்து ‘:நார்மல் .’ என்று கொடுத்தால், ஜே, புள்ளி, ஜே, புள்ளி என்று தட்டிக்கொண்டே போக வேண்டியதில்லை. எட்டுப் பத்து வரிகளுக்கு மேல் போனால் இதுதான் நல்லது.

மேக்ரோ ஓட்டிய பிறகு புள்ளி வைத்தால் முழு மேக்ரோ வராது, அதற்குள் கடைசியாக நடந்த திருத்தம் மட்டும்தான் வரும்.

கோலன் கட்டளைகளுக்கு

கோலன் போட்டுக் கொடுத்த கடைசிக் கட்டளையைத் திரும்பச் செய்ய ‘@ :’ தட்டுங்கள். அதன்பின் இங்கும் ‘@ @’ போதும். பழைய கட்டளைகளில் ஒன்று வேண்டுமென்றால், கோலனுக்குப் பின் அதன் முதல் சில எழுத்துகளைத் தட்டிவிட்டு மேல் அம்பை அழுத்துங்கள். அப்படித் தொடங்கிய கட்டளைகள் மட்டும் ஒவ்வொன்றாக வரும். சற்று மாற்றிக் கொடுக்க வேண்டியிருந்தால் ‘கியூ :’ தட்டுங்கள். பழைய கட்டளைகள் ஒரு சிறு சாளரத்தில் திறக்கும். எந்த வரியையும் வழக்கம்போலத் திருத்தி என்டர் அழுத்தினால் அது ஓடும்.

‘:எஸ்’ கொண்டு ஒரு வரியில் செய்த மாற்றீட்டை வேறொரு வரியில் செய்ய ‘&’ விசை உண்டு. விம்மில் இது நீங்கள் முதலில் கொடுத்த ஜி போன்ற கொடிகளை (கட்டளையின் கடைசியில் சேர்க்கும் எழுத்துகளை) விட்டுவிட்டுத்தான் செய்யும்; வரியில் முதல் இடம் மட்டும் மாறும். கொடிகளோடு வேண்டுமானால் ‘:&&’ கொடுக்க வேண்டும். விம்மிலிருந்து கிளைத்த நியோவிம்மில் ‘&’ விசையே கொடிகளோடு வேலை செய்யும்படி அமைத்திருக்கிறார்கள், அதுதான் சரியான முடிவு என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு வரியில் சோதித்துப் பார்த்த மாற்றீடு சரியாக இருக்கிறது, இனி ஃபைல் முழுவதும் செய்யலாம் என்றால் ‘ஜி &’.

நீக்கியதை மீட்க

விம் நீங்கள் நீக்கும் முழு வரிகளை 1 முதல் 9 வரை எண்ணிட்ட ரெஜிஸ்டர்களில் வைத்திருக்கிறது. கடைசியாக நீக்கியது 1-இல், அதற்கு முந்தையது 2-இல், இப்படியே. எப்போதோ ‘டி டி’ கொடுத்து நீக்கிய வரி இப்போது வேண்டும், எந்த எண்ணில் இருக்கிறது என்று நினைவில்லை. இரட்டை மேற்கோள் குறி, 1, ‘பி’ என்று தட்டுங்கள். கடைசியாக நீக்கிய வரி ஒட்டப்படும். அது இல்லையென்றால் ‘யு’ தட்டி நீக்கிவிட்டுப் புள்ளி வையுங்கள். எண்ணிட்ட ரெஜிஸ்டரிலிருந்து ஒட்டும்போது மட்டும் புள்ளி அதே எண்ணைத் திரும்பச் செய்யாமல் அடுத்த எண்ணுக்குப் போகும்; இப்போது 2-இல் இருப்பது வரும். யு, புள்ளி, யு, புள்ளி என்று தேடிய வரி வரும்வரை போங்கள். நீக்கிய எல்லாமே வேண்டுமென்றால் ‘யு’ தட்டாமல் புள்ளிகளை மட்டும் வைத்தால் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து சேரும். ஒன்பதுக்கு முந்தையவை இந்த வழியில் கிடைக்கா. அவற்றுக்கு அன்டூ வரலாற்றுக்குள்தான் போக வேண்டும்.